முட்டைக்குள் பழகும் வெயில்

"வெயில்ல பொரிஞ்ச குஞ்சு வெயில் தாங்கும் தம்பி. அது ரத்தத்துலயே ஊறிடும்."

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியில் கோழி வளர்ப்பவர்கள் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். அசில் என்கிற சண்டைச் சேவல் இனத்தை வளர்ப்பதில் நான் மிகவும் மதிக்கும் ஓர் அண்ணன் இதைச் சத்தியம் செய்கிற மாதிரி சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை ஆராய்ச்சியாளர்கள் சூடும் நேரமும் அளந்து நிரூபித்திருக்கிறார்கள். மீதிப் பாதியை நம்பித்தான் ஒவ்வொரு சித்திரையிலும் எங்கள் பக்கத்தில் நல்ல முட்டைகள் வீணாகின்றன, பொரிக்கிற குஞ்சுகளும் பத்து நாள் தாண்டுவதற்குள் சாகின்றன. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஏரியாவில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் என்றால் பெரும்பாலும் மீன் பெட்டிதான். காசிமேட்டில் மீனும் ஐஸும் போட்டு அனுப்பும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன், ரிச்சி தெருவில் வாங்கிய தெர்மோஸ்டாட் போர்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான். பார்க்க எளிமையாக இருந்தாலும் இது நன்றாகவே வேலை செய்யும். தெர்மோகோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஆனால் இந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மாடிப்படி முடியும் இடத்தில், மே மாத மத்தியானம் காற்றே 40 டிகிரியைத் தொடும் இடத்தில் இருக்கிறது. கடல் காற்று நேரத்துக்கு உள்ளே வந்தால் பிழைத்தோம். அது தாமதமாகிற நாளில் என்ன ஆகும் என்பதற்கு 2003 மே மாதமே சாட்சி. அந்த மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில் பல்பு எரியவே வேண்டாம். பெட்டிக்குள் சூடு தானாக ஏறும், தெர்மோஸ்டாட்டால் பல்பை அணைக்க மட்டும்தான் முடியும், குளிர்விக்க முடியாது.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஃபேன் ஓடும் பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய ஆட்கள் 99.5 முதல் 100 வரை என்று ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். இந்த எண்ணைச் சொல்கிறவர்கள் பலரும் அது எதனுடைய சூடு என்று கேட்பதில்லை. கருவுக்கு வேண்டியது ஓட்டின் சூடு 37.8 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது. நம் பெட்டியில் தொங்கும் சென்சார் அளப்பதோ காற்றின் சூட்டை. இந்த இரண்டும் ஒன்றல்ல. மொத்த விஷயமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதல் எட்டு ஒன்பது நாள் முட்டை சூட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கரு ரொம்பச் சின்னது, அதனால் தனக்கு வேண்டிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது, சுற்றியுள்ள காற்றை நம்பித்தான் வளர்கிறது. அப்புறம் நிலைமை மாறுகிறது. கரு வளர வளர அதன் உடம்பே சூட்டை உண்டாக்குகிறது. கடைசி வாரத்தில் முட்டை சூட்டை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. அந்தச் சமயத்தில் முட்டைகளை நெருக்கி அடுக்கிய பெட்டி, கூட்டம் ஏறிய மின்சார ரயில் பெட்டி மாதிரிதான். வெளியே என்ன சூடு என்பதைவிட உள்ளே எத்தனை உயிர், எவ்வளவு காற்று என்பதுதான் கணக்கு. சென்சார் 37.7 என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட முட்டையின் ஓடு 39 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். காதுக்குள் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை முட்டையின் வயிற்றுப் பகுதியில் ஒட்டி வைத்தால் ஓட்டின் சூடு தெரியும். குஞ்சு பொரிக்கும் பெரிய ஹேச்சரிகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்குச் சரிப்படாது, அது மனித உடம்புக்கென்று ஒரு கணக்கைச் சேர்த்துத்தான் எண்ணைக் காட்டும். நான் முதன்முதலில் இப்படி அளந்தபோது, ஒரே பெட்டியில் ஃபேனுக்கு எதிரே இருந்த முட்டைக்கும் மூலையில் இருந்த முட்டைக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து அசந்துபோனேன். அன்றிலிருந்து எனக்குக் காற்றுச் சென்சார் இரண்டாம்பட்சம்தான்.

சரி, கடைசி வாரத்தில் ஓட்டின் சூடு 39 டிகிரி ஆனால் என்ன? குஞ்சு பொரிக்கத்தான் செய்யும். சொல்லப்போனால் ஒரு நாள் முன்னதாகவே பொரிக்கும், வளர்ப்பவருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். சேதம் உள்ளே நடந்திருக்கும். சூடு கூடினால் கரு அவசரமாக வளர்கிறது. அதற்குக் கூடுதல் பிராணவாயு வேண்டும், ஓட்டின் நுண்துளைகள் வழியாக வரும் காற்றுக்கோ ஓர் எல்லை உண்டு. அதனால் மஞ்சள் கருவில் இருக்கும் கொழுப்பை முழுதாக எரிக்க முடியாமல் மிச்சம் வைத்துவிடுகிறது. வயிற்றுக்குள் மஞ்சள் மீந்திருக்கும், தொப்புள் சரியாக மூடியிருக்காது, அதன் வழியாகக் கிருமி ஏறும். குஞ்சின் நீளமும் குறைகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற விஷயம் இதயம். ஓட்டின் சூட்டை 38.9 டிகிரியில் வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில், பொரித்த குஞ்சின் இதயம் எடை குறைவாக இருந்தது. சூட்டைத் தாங்க வேண்டுமானால் ரத்தத்தைத் தோலுக்கும் கொண்டைக்கும் காலுக்கும் ஓட்டி வெளியே தள்ள வேண்டும், அதற்கு நல்ல இதயம் வேண்டும். வெயில் தாங்கட்டும் என்று நினைத்து வெயிலில் விட்டு, வெயில் தாங்குவதற்கான உறுப்பையே சிறியதாக்கி அனுப்புகிறோம்.

இது அண்ணன் சொல்வதில் தவறான பாதி. இனிச் சரியான பாதி.

2000-களில் இஸ்ரேலின் வோல்கானி ஆராய்ச்சி மையத்தில் ஷ்லோமோ யாஹவ், யோகெவ் பியெஸ்துன் குழுவினர் பிராய்லர் முட்டைகளை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். அடைகாப்பின் 7-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாள் வரை சூட்டை 37.8-இலிருந்து 39.5 டிகிரிக்கு உயர்த்தினார்கள், ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்தார்கள். ஒரு கூட்ட முட்டைகளுக்கு நாள் முழுக்க அந்தச் சூடு. இன்னொரு கூட்டத்துக்கு ஒரு நாளில் 12 மணி நேரம் மட்டும். நாள் முழுக்கச் சூடு வாங்கிய கூட்டத்தில் பொரிப்பு குறைந்துபோனது. 12 மணி நேரக் கூட்டத்தில் பொரிப்பு ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தது. அந்தக் குஞ்சுகளின் உடல் சூடு சற்றுக் குறைவாக இருந்தது, உடம்பு எரியும் வேகத்தைத் தீர்மானிக்கிற தைராய்டு சுரப்பும் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு கடும் வெப்பத்தில் வைத்துப் பார்த்தபோது மற்றக் கோழிகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. பிரான்ஸிலும் வேறு நாடுகளிலும் இதே முறையைப் பிறகு பலர் சோதித்தார்கள்.

ஏன் 7 முதல் 16? அந்த நாட்களில்தான் கருவின் மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியும், தைராய்டோடும் அட்ரினலோடும் அதற்கு இருக்கும் தொடர்பும் உருவாகின்றன. உடம்பு எந்தச் சூட்டில் நிம்மதியாக ஓட வேண்டும் என்ற அளவு அங்கேதான் பதிகிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை, எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பது மாறுகிறது. அதற்கான ரசாயன அடையாளங்களை இந்தக் குஞ்சுகளின் செல்களில் பார்த்திருக்கிறார்கள். "ரத்தத்துலயே ஊறிடும்" என்று அண்ணன் சொன்னது இதைத்தான் என்று நான் அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். கூடவே சொன்னேன்: "ஆனா அண்ணே, நாளுக்குப் பாதி நேரம்தான், நடுவுல இருக்கற பத்து நாள்தான். கடைசி வாரம் கூடவே கூடாது." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குத்தான் கோழி நடுவுல எழுந்து போவுதோ?" என்றார்.

நல்ல கேள்வி அது. அடைக்கோழியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது 21 நாளும் ஒரே சூட்டைக் கொடுப்பதில்லை. வயிற்றில் இறகு உதிர்ந்து சூடான தோல் முட்டையில் படும். மேல் பக்கம் ஒரு சூடு, கீழ் பக்கம் வேறு சூடு. அலகால் அடிக்கடி உருட்டிவிடும். தினமும் ஒருமுறை இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து போகும், முட்டை கொஞ்சம் ஆறும், திரும்பி வந்து உட்காரும். ஆறுவதால் கருவுக்குப் பெரிய கெடுதல் இல்லை. சூடு இறங்கினால் வளர்ச்சி மெதுவாகும், சூடு ஏறினால்தான் ஆபத்து. எங்கள் ஆயா அடை வைக்கும்போது கூடையில் ஈர மணலும் வைக்கோலும் போட்டு, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, இரண்டு காய்ந்த மிளகாய் வைப்பார். மிளகாய் என்ன செய்ததோ, அந்த ஈர மணல் நல்ல வேலை செய்தது. கூடையைத் தரையோடு, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில்தான் வைப்பார். சித்திரை, வைகாசியில் அடை வைக்கவே மாட்டார்.

வடசென்னைக்கு இந்த ஆராய்ச்சி ஏன் இவ்வளவு பொருத்தம் என்றால், நம்முடையது ஈர வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். சூடு தாங்காதபோது வாயைத் திறந்து இரைக்கும், அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிரும். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ரசாயனச் சமநிலையும் கெடுகிறது. வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நம் ஊருக்கு வேண்டியது குறைவாகச் சூட்டை உண்டாக்கி, தோல் வழியாகவும் கால் வழியாகவும் அதைத் தள்ளும் கோழி. கருவிலேயே சூடு பழகிய கோழிகளிடம் பார்த்த மாற்றமும் இதுதான்: உடம்பு குறைவாக எரிகிறது, முகம், கால் வழியாக அதிகமாகச் சூட்டை விடுகிறது. கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழி, இறகு குறைந்து நெடுநெடுவென்று நிற்கும் அசில், சின்ன உடம்புச் சிறுவிடை எல்லாம் வெயிலைத் தாங்குவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆனால் இனத்தை மட்டும் நம்பி முட்டையைக் கண்டபடி வேகவைக்கலாம் என்று நினைப்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல இனத்து முட்டைக்கு நல்ல 21 நாளைக் கொடுப்பதுதான் நியாயம்.

இதே சங்கதியை வேறு விதமாகக் காட்டும் ஒரு பறவை உண்டு. ஆஸ்திரேலியாவின் வரிச்சிட்டு, நம்மூரில் கூண்டில் வைத்து ஃபிஞ்ச் என்று விற்பார்களே, அதுதான். 2016-இல் மிலென் மாரியெட், கேத்தரின் புகானன் இருவரும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இது. வெளியே 26 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சிட்டுகள் பொரிக்கப் போகும் முட்டைகளைப் பார்த்து ஒரு தனிக் குரலில் கூப்பிடுகின்றன. அந்தக் குரலை ஓட்டுக்குள்ளிருந்து கேட்ட குஞ்சுகள் பிறந்த பிறகு சூட்டில் வேறு மாதிரி வளர்கின்றன, சிறிய உடம்போடு. பின்னாளில் அவற்றுக்கு அது நன்மையாகவும் இருந்தது. ஓட்டுக்குள் இருக்கும் உயிர் வெளியுலகத்தை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை இதைப் படித்த பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூடு குறைத்தால் பெட்டை, கூட்டினால் சேவல் என்று சிலர் சொல்வார்கள், சிலர் தலைகீழாகவும் சொல்வார்கள். இரண்டும் சரியில்லை. நம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும், 29 டிகிரியை ஒட்டி அந்த எல்லை இருக்கிறது, அதற்கு மேல் பெண் அதிகம். கோழிக்கு அது முட்டை உருவாகும்போதே தாயின் குரோமோசோமில் முடிந்துபோன விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மீன் பெட்டியில் 39.5 டிகிரி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நம் தெர்மோஸ்டாட் ஒரு டிகிரி மேலும் கீழும் ஆடும், மூலைக்கு மூலை சூடு மாறும். 39.5 என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் ஒரு முட்டை 40.5-இல் வெந்துகொண்டிருக்கும். அளந்து, காற்றைச் சீராக ஓட்டிச் செய்ய முடிந்த இடங்களின் வேலை அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நம் மாதவரத்தில்தான் இருக்கிறது. நாட்டுக்கோழிக்கும் இந்த ஈர வெயிலுக்கும் ஏற்ற அளவை அங்கிருப்பவர்கள் வகுத்துக்கொடுக்க வேண்டும் என்பது என் மனதார்ந்த ஆசை.

நாம் செய்யக்கூடியது வேறு சில உண்டு. முதலில், அடை வைப்பதற்கு முந்தைய நாட்கள். கரு வளராமல் தூங்க வேண்டுமானால் முட்டை ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், 15 முதல் 18 நல்லது. சமையலறை அலமாரியில் 34 டிகிரியில் ஒரு வாரம் சேர்த்து வைத்தால் கரு அரைகுறையாக விழித்து, கொஞ்சம் வளர்ந்து, செத்துப்போகும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தெரியும் ரத்த வளையம் பெரும்பாலும் அதுதான். "சேவல் சரியில்லை" என்று சேவல்மேல் பழி போடுவார்கள். வெயில் காலத்தில் முட்டையை நான்கைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈர மணல் போட்ட மண்பானை கொஞ்சம் உதவும்.

அப்புறம், 12-ஆம் நாளுக்கு மேல் ஓட்டின் சூட்டைப் பார்த்துப் பெட்டியின் சூட்டைக் குறையுங்கள். கடைசி மூன்று நாள் காற்று 37 டிகிரி போதும். பெட்டியின் காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது எல்லோரும் பெட்டியைப் போர்வையால் இறுக்கி மூடினார்கள். இளம் முட்டைகளுக்கு அது சரி. 17, 18 நாள் ஆன முட்டைகளை அப்படி மூடினால் சொந்தச் சூட்டிலேயே மூச்சுமுட்டிவிடும்.

குஞ்சு பொரித்த பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிறந்த முதல் வாரம் அதன் சூட்டுக் கட்டுப்பாடு இன்னும் முடிவாகவில்லை. அதே யாஹவ் குழு, மூன்றாம் நாள் வயதில் 24 மணி நேரம் 36, 37 டிகிரியில் வைத்த குஞ்சுகள் பின்னாளில் வெயிலை நன்றாகத் தாங்குவதைக் காட்டியது. நம் மாடியில் மே மாதம் அந்தச் சூடு தானாகவே கிடைக்கும். தண்ணீர் தீராமல், நிழலும் காற்றோட்டமும் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பகலில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் பல்பை அணைத்துவிடுங்கள், குஞ்சு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிறதா, இறக்கையைத் தளர்த்தி விலகி நிற்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சந்தையில் குஞ்சு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்துத் தொப்புளைப் பாருங்கள், பிறகு காலின் முட்டியைப் பாருங்கள். தொப்புளில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தாலோ, முட்டி சிவந்திருந்தாலோ அது கடைசி வாரத்தில் வெந்த முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தட்டில் இருக்கும் மற்றக் குஞ்சுகளும் அதே பெட்டியில் கிடந்தவைதான். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்பதையும் விற்கிறவரிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.